காக்கைக்கால் தட்டு

வார்டில் குடும்பத்தில் பிறந்த யாரையும் நீ யார் என்று கேட்டால், பெயரைச் சொல்வதற்கு முன் கீறலைச் சொல்வார்கள். நான் மீன்முள். வெர்னா அத்தையும் மீன்முள். ரஸ்ஸல் பெரியப்பா மூன்று புள்ளி. பிட்ஸ்பர்க்கில் இருப்பவர்கள் ஏணி. காக்கைக்கால் கிளையினர் கொஞ்சம் கர்வம் பிடித்தவர்கள். அவர்களுடைய கீறல்தான் அழகு என்பது அவர்கள் எண்ணம்.

எங்கள் குடும்பத்தை இந்த மண்ணில் ஊன்றியவர் ஜேபஸ் வார்டில். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் பிறந்து, கப்பலேறி வந்து, ஒஹாயோ ஆற்றங்கரையில் பீங்கான் ஆலைகள் புகைந்துகொண்டிருந்த எங்கள் ஊரில் தட்டு வனைந்தவர். அவருக்கு ஏழு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் ஈரக் களிமண்ணின் அடிப்பக்கத்தில் ஒரு புதுக் கீறல் போட்டு, அந்தப் பிள்ளைக்கென்றே ஓர் அடுக்குத் தட்டு வனைந்தார் என்பது நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை.

ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று பூங்காக் கொட்டகையில் குடும்பம் கூடும். ஆப்பிள் பெட்டிகளில் பழைய செய்தித்தாள் சுற்றிய தட்டுகள் வரும். உட்கார்ந்ததும் எல்லோரும் தட்டைக் கவிழ்த்துப் பார்த்து, தம் கிளையின் கீறல் வரும்வரை மாற்றி மாற்றிக் கைமாற்றுவோம். அதன் பிறகுதான் பொரித்த கோழி. திருமணமாகி வந்தவர்களுக்கு முதல் வருடம் காகிதத் தட்டு. ஏழு கீறல்களில் எதிலும் சேராத தட்டுகளும் நிறைய உண்டு. ஜேபஸின் கை சறுக்கி விழுந்த கீறல் என்று சொல்லி அவற்றுக்குக் 'கை தவறியது' என்று பெயர். அவற்றில் ஊறுகாயும் நறுக்கிய தக்காளியும் வைப்போம்.

நான் பல வருடம் வெளியே அலைந்துவிட்டு ஏப்ரலில் திரும்பி வந்து அத்தை வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தேன். அத்தைக்கு எழுபது கடந்துவிட்டது. கணவர் இல்லை. ஒரே மகன் அரிசோனாவில்.

"நீ ஊர் ஊரா சுத்தினவ, நாலு வார்த்தை கோர்வையா எழுத வரும்" என்றாள். "ஜேபஸ் தாத்தா சரித்திரத்தை எழுதிக் குடு. ஜூலைல எல்லார் முன்னாடியும் படிக்கலாம்."

"அவ்ளோ நாள் இங்க இருக்கற எண்ணம் இல்ல அத்தை."

"தெரியாதா எனக்கு? உன் பை இன்னும் கட்டின கட்டோட கட்டிலுக்கு அடியிலதான கெடக்கு. எழுதிட்டுக் கெளம்பு. உங்கப்பனும் இப்படித்தான். எங்கடா போறேன்னு கேட்டா, 'போறேன்'னு மட்டும் சொல்லுவான்."

எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டதற்கு வேறு காரணம் இருந்தது. போன குளிர்காலத்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு பீங்கான் பட்டறையில் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தேன். ஜேபஸ் பிறந்த இடம் பக்கத்தில்தான் என்று சும்மா போய்ச் சேர்ந்தது. அங்கே கேள்விப்பட்ட ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் வனைபவன் தட்டின் அடியில் போடும் கீறல் எதற்கென்றால், சூளையிலிருந்து வெளியே வரும்போது யாருடைய தட்டு என்று பிரித்துக் கூலி போடுவதற்கு. கற்றுக்கொண்ட நாளில் ஒரு கீறலைத் தேர்ந்தெடுப்பான், சாகும்வரை அதுதான். ஒரு மனிதனுக்கு ஒரு கீறல். ஒருவனே ஏழு கீறல் போட்டிருந்தால் எது யாருடைய தட்டு என்று தெரியாமல் கூலிக் கணக்கே நின்றிருக்காது.

ஊருக்கு வந்ததும் ஆற்றங்கரைக்குப் போனேன். ஆலைகள் உடைந்த பாண்டங்களை அங்கேதான் கொட்டின. காலால் கிளறினால் போதும், சில்லுகள் வரும். மீன்முள் கிடைத்தது. ஏணி கிடைத்தது. காக்கைக்கால் கை நிறையக் கிடைத்தது. எங்கள் வீட்டில் 'கை தவறியது' என்கிற கீறல்களும் எல்லாம் கிடைத்தன. ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்காகப் போட்டவை என்றால் இத்தனை சில்லுகள் கரையில் கிடக்க வழியில்லை.

அடுத்ததாக மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வேலியோரம் ஒரு சின்னக் கல். ஆமோஸ் ஷெராட் என்ற பெயர். அதன் கீழே, சிலுவை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு காக்கைக்கால்.

கல்லைச் சுற்றிப் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்தினார். அவர் டேல் ஷெராட். ஊரில் கழிவுத்தொட்டி காலி செய்யும் லாரி அவருடையது.

"வார்டில் வீட்டுப் பொண்ணுதான நீ? உங்க அத்தை வீட்டுத் தொட்டிய போன மாசம்தான் உறிஞ்சேன். ரொம்ப மரியாதையான குடும்பம். ஆனா தொட்டிக்குள்ள பாத்தா மத்தவங்களுக்கும் உங்களுக்கும் ஒண்ணும் வித்தியாசம் தெரியல."

"இந்தக் கீறல் இவரோடதா?"

"பின்ன யாரோடது? உங்காளுங்க அதைச் சட்டையில அடிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியறாங்க. அன்னிக்கு டீசல் போடப் போனா, எனக்கு முன்னாடி நின்னவன் முதுகு பூரா எங்க ஆமோஸ் கையெழுத்து."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"எங்கப்பா சொன்னாரு. அவருக்கு முன்னாடி ஹெட்டி சொன்னா, ஆமோஸோட மக. உங்காளுங்க சிரிச்சாங்க. சாக்கடை அள்றவன் சொன்னா அது சரித்திரமா? நாத்தம்."

அவர் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து கதை முழுவதையும் சொன்னார். முடித்ததும், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரு தட்டு. எங்க வீட்ல அவர் செஞ்சது ஒண்ணுகூட கெடையாது. அதை உங்க கூட்டத்துல எல்லார் முன்னாடியும் குடுக்கணும். இது ஆமோஸ் ஷெராட் செஞ்சதுன்னு வாயால சொல்லிக் குடுக்கணும். ரெண்டும் சேர்ந்துதான். சொல்லாமக் குடுக்கற தட்டு எனக்கு வேணாம், கடையில நெறைய விக்குது."

இனி ஜேபஸின் கதை. எங்கள் வீட்டில் சொல்வதையும் டேல் வீட்டில் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியது. பேச்சுகள் ஹெட்டி சொன்னதாக டேல் வீட்டில் வழங்குபவை. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இருந்தனவா என்று எனக்குத் தெரியாது.

ஜேபஸின் அப்பாவும் தட்டு வனைபவர்தான். அச்சில் களிமண்ணை அறைந்து, சுற்றி, வழித்து, அடியில் தன் கீறலைப் போட்டுக் கொடுப்பார். அதோடு அவர் கை தீர்ந்தது. சூளையை எரிப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் தூங்கிவிட்டால் தட்டு கோணும், அனல் கூடினால் வெடிக்கும். ஆனால் நஷ்டம் வனைந்தவனுக்கு. சூளையைத் தாண்டி நல்லபடியாக வந்த தட்டுக்குத்தான் கூலி. சனிக்கிழமை மேற்பார்வையாளன் வரிசையாகத் தட்டுகளை விரல் கணுவால் சுண்டிக்கொண்டே போவான். கணீரென்றால் வலப்பக்கம். மந்தமாக ஒலித்தால் இடப்பக்கம். இடப்பக்கம் போனதற்குக் காசில்லை. அந்த 'கெட்ட' தட்டுகளை ஆலைக்காரர்கள் உடைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. மறுவாரம் பின்தெருச் சந்தையில் விற்றார்கள். ஜேபஸின் அம்மா ஒருநாள் தன் கணவரின் கீறல் போட்ட தட்டுகளைச் சந்தையில் பார்த்துவிட்டு, எதுவும் வாங்காமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாளாம். இதை எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள், ஜேபஸ் எவ்வளவு கஷ்டத்திலிருந்து வந்தார் என்று காட்டுவதற்காக.

அந்தக் கஷ்டத்திலிருந்து தப்பிக்கத்தான் கப்பலேறினார். தனியாக அல்ல, ஒரே தெருவில் பிறந்து ஒரே பலகையில் வேலை கற்ற ஆமோஸ் ஷெராட்டும், ஆமோஸின் தங்கை கெசையாவும் கூட வந்தார்கள். கப்பல் கரை சேர்ந்த வருடமே ஜேபஸ் கெசையாவை மணந்தார். ஆக, ஆமோஸ் எங்கள் குலமுதல்வரின் மைத்துனன். எங்கள் குடும்ப வரலாற்றில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

இங்கே முதல் சில வருடங்கள் நல்ல காலம். ஒஹாயோ ஆலைக்காரர்களுக்குத் தட்டு வனையத் தெரிந்த கை வேண்டும். சூளைக்குப் போகாத பச்சைத் தட்டை எண்ணிக் கொடுத்தாலே கூலி. சூளையில் என்ன ஆகிறது என்பது முதலாளியின் கவலை. ஜேபஸும் ஆமோஸும் எதிரெதிர் வீட்டில் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு வீட்டிலும் மாறி மாறிச் சாப்பிட்டார்கள். பிறகு நாடு முழுவதும் தொழில் படுத்தது. முதலாளி கூலியைக் குறைக்க வழி தேடினார். அப்போது ஜேபஸ் அவருடைய அறைக்குப் போய், எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு, சொல்லட்டுமா என்று கேட்டார்.

யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த முறை இந்த ஆலையில் யாருக்கும் தெரியாது. அப்பாவை அழித்த விதியைக் கப்பலில் தன் துணிமணியோடு சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். அதற்குப் பரிசாக, சூளையிலிருந்து வந்த தட்டுகளை நல்லது கெட்டது என்று பிரிக்கும் தேர்வறையில் உட்காரும் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு ஜேபஸ் களிமண்ணைத் தொடவே இல்லை. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து மற்றவர்களின் தட்டுகளைச் சுண்டினார்.

ஆமோஸ் தேர்வறைக்கே வந்து கேட்டாராம்.

"ஜேபஸ், இந்த விதி இங்க ஒருத்தனுக்கும் தெரியாதேடா. நீதான சொல்லிக் குடுத்த?"

"நான் சொல்லலேன்னா வேற எவனாவது சொல்லியிருப்பான்."

"உங்கப்பன் இதனாலதானடா செத்தாரு."

"எங்கப்பனுக்கு நியாயமா சுண்டிப் பாக்க ஆள் கெடைக்கல. உங்களுக்கு நான் இருக்கேன்."

"சரி, நியாயமா பாரு." ஆமோஸ் இடப்பக்க அடுக்கிலிருந்து தன் தட்டு ஒன்றை எடுத்துச் சுண்டினார். "மணி மாதிரி இருக்கு. அந்தக் கோடியில நிக்கறவனுக்கே கேட்டிருக்கும்."

"எனக்கு அப்படிக் கேக்கல" என்றார் ஜேபஸ்.

ஜேபஸ் வாழ்க்கை முழுவதையும் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னால் நான் இந்த வாக்கியத்தைத்தான் எழுதுவேன்.

ஒதுக்கிய தட்டுகளைப் படகுக்காரர்களுக்கு விற்றது போக, தேர்வறைக்காரர் வேண்டியதை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி அனுமதித்தார். ஜேபஸின் அலமாரி நிறைந்தது. வனைபவர்கள் ஒருமுறை வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்களுக்குக் கூலி இல்லாத தட்டை எங்கள் கண்முன்னே உடைத்துவிடு, விற்காதே என்பதுதான் அவர்கள் கேட்டது. முன்னால் நின்றவர் ஆமோஸ். சில வாரங்களில் பசியில் அது உடைந்தது. மற்றவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆமோஸை ஆற்றின் இரு கரையிலும் எந்த ஆலையும் சேர்க்கவில்லை. அதற்கு முன்பே களிமண் தூசு அவர் நெஞ்சில் இறங்கியிருந்தது. படுத்துவிட்டார்.

கெசையா அண்ணன் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடக் கூப்பிட்டாள். அப்படி ஒரு ஞாயிறு, எட்டு வயது ஹெட்டி கறிச்சாற்றைக் கடைசிச் சொட்டுவரை குடிக்கத் தட்டைத் தூக்கினாள். அடிப்பக்கம் கண்ணில் பட்டது.

"அத்தை, இது எங்க அப்பா தட்டு."

"இந்த வீட்ல இருக்கறதெல்லாம் என் தட்டு" என்றார் ஜேபஸ்.

"இல்ல மாமா, காக்கைக்கால் இருக்கு பாருங்க. அப்பாதான் இதைப் போடுவாரு."

"உங்கப்பன் செஞ்ச கெட்ட தட்டு. கழிச்சதைத்தான் எடுத்துட்டு வந்தேன். தின்னுட்டு எந்திரி."

"கெட்ட தட்டுன்னா நீங்க ஏன் மாமா இதுல சாப்பிடறீங்க?"

அறை விழுந்தது. ஹெட்டிக்குச் சாகும்வரை அந்தக் காதில் ஓர் இரைச்சல் இருந்ததாம். அவள் எழுந்து கதவருகே போவதற்குள் ஜேபஸின் சொந்தப் பிள்ளைகள் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஏன் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கீறல்? எது நீங்கள் போட்டது அப்பா?

"எல்லாம் நான் போட்டதுதான்" என்றார். "பிள்ளைக்கு ஒண்ணு. இந்தா, மீன்முள் உனக்கு. ஏணி உனக்கு. காக்கைக்கால் பாப்பாவுக்கு."

எங்கள் ஏழு கிளைகளும் அந்த மேசையில், அந்த நிமிடத்தில் முளைத்தவை.

கெசையா எழுந்தாள். தன் தட்டில் இருந்ததை ஒரு தகரத் தட்டில் வழித்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து இறக்கும்வரை தகரத் தட்டில்தான் சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் இதையும் சொல்வதுண்டு. நல்ல தட்டுகள் தேய்ந்துவிடக் கூடாதென்று தகரத்தில் சாப்பிட்ட சிக்கனமான புண்ணியவதி என்று. ஜூலை கூட்டத்தில் அவளை நினைத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஆமோஸ் அந்தக் குளிர்காலத்தில் இறந்தார். அவரோடு தட்டு வனைந்தவர்கள் கல்லை வாங்கி நட்டு, அவருடைய கீறலைச் செதுக்கினார்கள். ஜேபஸ் இன்னும் நெடுநாள் இருந்தார். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்தினார். மலைமேல் வீடு கட்டினார். கடைசிப் பத்து வருடம் அவருக்குச் சுத்தமாகக் காது கேட்காது. அப்படியும் தேர்வறையை விடாமல் தட்டுகளைச் சுண்டிப் பார்த்துப் பிரித்தார் என்று எங்கள் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தொட்டாலே தெரியுமாம் அவருக்கு.

இதை எழுதி ஜூலை நடுவில் அத்தையிடம் கொடுத்தேன். அவள் கூட்டத்துக்கு வேண்டிய ஆப்பிள் பெட்டிகளை அடுக்களையில் பரப்பி, தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து படித்தாள். கெசையாவின் தகரத் தட்டு வந்த இடத்தில் நிறுத்தி, அதை இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன்.

"அந்தத் தொட்டிக்காரன் சொன்னான், நீ எழுதிட்ட."

"ஆத்தங்கரையில சில்லு கெடக்கு அத்தை. கல்லறையில செதுக்கியிருக்கு. நீங்களே வந்து பாருங்க."

"நான் எதுக்குப் பாக்கணும்?" துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த தட்டை மறுபடி துடைத்தாள். "இது பொய்யின்னு நான் சொல்லல. சொன்னேனா?"

"அப்ப?"

"என் மகன் வருஷத்துக்கு ஒரு தடவை வர்றான். கிறிஸ்துமஸுக்கு இல்ல. என் பொறந்த நாளுக்கு இல்ல. போன வருஷம் எனக்கு இடுப்பு ஆபரேஷன் ஆச்சே, அதுக்கு வந்தானா? பூ அனுப்பினான். ஜூலைக்கு மட்டும் ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்துடறான், அதுங்க மீன்முள் தட்டுல சாப்பிடணுமாம். அந்த மீன்முள் எவனோ ஒருத்தனோடதுன்னு நீ படி. அடுத்த ஜூலை நானும் நீயும் இந்தப் பெட்டிங்களும் உக்காந்திருப்போம். நீயும் இருக்க மாட்ட."

டேல் கேட்டது ஒரே ஒரு தட்டுதான் என்று மட்டும் சொன்னேன்.

"தட்டுதான? பத்து வேணா எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"ஆமோஸ் செஞ்சதுன்னு சொல்லிக் குடுக்கணும்."

"தட்டுன்னு கேட்டியா இல்லயா? தட்டு தரேன்" என்றாள். தாள்களை என் பக்கம் தள்ளி, "கப்பல்லேர்ந்து எறங்கறவரைக்கும் நல்லா எழுதியிருக்க. அதுவரைக்கும் படி" என்றாள்.

நான் டேலைக் கூட்டத்துக்கு அழைத்திருந்தேன். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவி பீச் பழம் வைத்துச் சுட்ட 'பை' ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். யாரோ அவருக்குக் காகிதத் தட்டு கொடுத்தார்கள். அவர் அதில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. கொட்டகை ஓரத்தில் நின்றார்.

நான் கப்பலிலிருந்து இறங்கும்வரை படித்தேன். கைதட்டினார்கள். பிறகு குடும்பச் சங்கத்தின் கூட்டம். ரஸ்ஸல் பெரியப்பாதான் தலைவர். இன்சூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். முறைப்படி நடத்துவதில் அவருக்கு ஓர் இன்பம். ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், பிறகுதான் வாக்கெடுப்பு. கழிப்பறைக் காகிதம் வாங்குவதற்கும் எங்கள் சங்கத்தில் அப்படித்தான்.

டேல் கையைத் தூக்கினார்.

"உறுப்பினர்தான் பேசலாம் டேல்" என்றார் பெரியப்பா.

"நானும் கெசையா ரத்தம்தான் ரஸ்ஸல்."

"அது கெசையா. சங்கம் ஜேபஸ் வாரிசுகளுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல, வெயிலில் வயிறு நிறைந்தவர்களின் சிரிப்பு. ஆகவே நான் எழுந்தேன். காக்கைக்கால் கீறல் உள்ள தட்டுகள் ஆமோஸ் ஷெராட் வனைந்தவை, கூலி கொடுக்காமல் எடுத்துவரப்பட்டவை. அப்படிச் சொல்லி அவற்றில் ஒன்றை டேல் ஷெராட்டிடம் கொடுக்க வேண்டும் என்று முன்மொழிந்தேன். மற்ற கீறல்களைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் டேல் கேட்டது அது அல்ல.

மேலே மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

"முன்மொழிஞ்சாச்சு" என்றார் பெரியப்பா. "வழிமொழிய யாராவது?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் தன் பேரன் தட்டில் கோழியை எலும்பிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். காக்கைக்கால் கிளையில் டிராவிஸ் என்று ஒரு பையன், இருபத்திரண்டு வயது. முன்கையில் அந்தக் கீறலைப் பச்சை குத்தியிருந்தான். அவன் டேலைப் பார்த்தான், கையைப் பார்த்தான், வாயைத் திறந்தான்.

"அந்தச் சோளத்த இப்படித் தள்ளு" என்றாள் அவன் அம்மா.

அவன் சோளத்தை எடுத்துக் கொடுத்தான். பிறகு அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"வழிமொழிய ஆளில்லாததால தீர்மானம் விழுது" என்றார் பெரியப்பா. வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. ஒருவரும் ஆமோஸுக்கு எதிராகக் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. அவரைச் சும்மா விட்டாலே போதுமாக இருந்தது.

உடனே அத்தை எழுந்தாள். ஊராரோடு நல்லுறவுக்கு அடையாளமாக வார்டில் குடும்பத்தின் தட்டு ஒன்றை ஷெராட் குடும்பத்துக்கு அன்பளிப்பாகத் தர வேண்டும் என்று முன்மொழிந்தாள். வழிமொழிய ஆறேழு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எல்லோருக்கும் நெஞ்சு லேசானது தெரிந்தது. அத்தை பெட்டியிலிருந்து கீறல் பார்த்து எடுத்து, நல்ல காக்கைக்கால் தட்டாக ஒன்றைக் கொண்டுபோய் டேல் முன்னால் நீட்டினாள். அவள் நல்லது செய்வதாகவே நினைத்தாள் என்று நம்புகிறேன்.

டேல் அதை வாங்கி, கவிழ்த்து, கட்டைவிரலால் கீறலைத் தடவிப் பார்த்தார். ஆமோஸ் செய்ததில் அவர் தொட்ட முதல் தட்டு அது.

"வெர்னாம்மா, இதை யார் செஞ்சதுன்னு மட்டும் சொல்லிடுங்க. மெதுவா சொன்னாப் போதும். எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

அத்தையின் உதடு அசைந்தது. அவளுக்குப் பின்னால் அவள் மகன் நின்றிருந்தான், இரண்டு பேரப்பிள்ளைகளின் தோளிலும் கை வைத்து.

"எங்க குடும்பத் தட்டு" என்றாள். "அன்பா குடுக்கறோம். வெச்சுக்க டேல்."

"அன்னிக்குக் கூலி குடுக்காம எடுத்தீங்க. இன்னிக்கு எனக்குத் தானம் குடுக்கறீங்க. ரெண்டு தடவையும் நீங்கதான் பெரிய மனுஷங்க." தட்டை மேசைமேல் ஓசைப்படாமல் வைத்தார். "பை சாப்பிடுங்க. கெட்டுப் போயிடும்."

அவருடைய லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் பின்னால் ஓடினேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அத்தை என்னிடம் மெல்ல, "பாத்தியா, குடுத்தாலும் வாங்க மாட்டேங்கறான்" என்றாள். அவள் குரலில் கோபமில்லை, ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

பெரியப்பா கூட்டக் குறிப்பை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். "ஷெராட் குடும்பத்துக்கு ஜேபஸ் வார்டில் கைவண்ணத்தில் ஆன தட்டு ஒன்று அன்புடன் அளிக்கப்பட்டது. அவர்கள் பெற்றுக்கொள்ளவில்லை." நிமிர்ந்து கொட்டகையைப் பார்த்தார். "சரியா எழுதியிருக்கேனா? ஏத்துக்கறவங்க ஆமான்னு சொல்லுங்க."

ஆமாம் என்றார்கள். கடைசி மேசையில் இருந்தவர்களுக்கு என்ன விஷயம் என்றே தெரியாது. டேலின் மனைவி சுட்ட பை அப்போதுதான் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களும் வாய் நிறைய மென்றுகொண்டே ஆமாம் என்றார்கள்.